பொட்டு வைத்த ஷட்டர்

துரு போக மணல் அடித்து முடித்து, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஷட்டரில் மூன்று இடத்தில் மஞ்சளும் குங்குமமும். எண்ணெயில் குழைத்து வைத்திருந்தார்கள்.

தேவதானம் பக்கத்துக் கண்மாய் அது. மடையை அடைக்கும் இரும்பு ஷட்டர் துருவேறிப்போனதால் கழற்றிக் கரையில் கிடத்தியிருந்தார்கள். ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் கோட்டிங் பட்டறையிலிருந்து நானும் காதரும் போயிருந்தோம். காதர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன், மணல் அடிப்பதும் பிரஷ் பிடிப்பதும் அவன் கை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். பெயிண்ட் டின்னோடு வரும் தாளைப் படித்து, எந்த கோட்டிங் என்று சொல்வது என் பொறுப்பு.

துரு நீக்கிய வெற்று இரும்பில் வியர்வைக் கைகூடப் படக்கூடாது. எண்ணெய் பட்டால் பெயிண்ட் பிடிக்காது. தண்ணீருக்குள் போனதும் கொப்பளித்து உரியும்.

"நான் சொன்னா நல்லாருக்காது மாப்ளே, நீ சொல்லு" என்றான் காதர்.

சொன்னேன். பொட்டு வைத்த விவசாயி வேலுச்சாமி மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொட்டு வைக்காம எந்த இரும்பு தண்ணியில எறங்கும்லே? மலையப் பாரு, கருத்துக்கிட்டு வருது. மடை தொறந்து கெடந்தா வார தண்ணி அம்புட்டும் ஓடைக்குப் போயிரும். இதுல தொடைக்கணும்ங்கான்!"

காதருக்குப் பொறுக்கவில்லை. "மாமா, பெயிண்ட்டு காய்ஞ்ச பொறவு எம்புட்டு வேணாலும் வைங்க. இப்ப வச்சா பொட்டோட பெயிண்ட்டும் உரியும். பொறவு சாமி எங்க ரெண்டு பேரையுந்தான் தேடும்."

மாமா சிரித்துவிட்டார். துடைத்து, திரும்ப மணல் அடித்தோம்.

கொண்டுபோயிருந்தது கோல்டார் எபாக்சி. தண்ணீரில் நன்றாக நிற்கும். ஆனால் முழுதாக இறுக ஒரு வாரமாகும். மழை அதுவரை காத்திருக்காது. ஆடு மாடு குடிக்கிற தண்ணீரில் தார் கலந்ததைப் போடவும் எனக்கு மனமில்லை. ஈரத்திலும் இறுகும், தாரும் சால்வென்ட்டும் இல்லாத எபாக்சி கேட்டு ஓனருக்குப் போன் போட்டேன்.

"அது மில்லுக்காரவியளுக்கு எடுத்து வச்சதுலே!"

"மில்லு நாலு நா பொறுக்கும். மழை பொறுக்காது அண்ணாச்சி."

அந்தப் பக்கம் ஓனர் யாரையோ டின்னை எண்ணச் சொல்வது கேட்டது. "சரி, அனுப்புதேன்."

தார்ப்பாய் கட்டி, முதல் கோட் சாம்பல், அடுத்தது சிவப்பு. விட்டுப்போன இடம் தெரியத்தான் இரண்டு நிறம். இறுகியதும் காதர் கொஞ்சம் சாம்பல் நிறப் பெயிண்ட்டைக் கலந்து, தண்ணீர்ப் பக்கத்து மூலையில் எங்கள் இருவர் பெயரின் முதலெழுத்தையும் எழுதினான். அது காய்ந்ததும் மாமா பொட்டு வைத்தார். தூறலில் ஷட்டர் இறங்கியது. அன்றிரவே கண்மாய்க்குத் தண்ணீர் வந்தது.

தண்ணீரில் கிடக்கும் பொருளுக்கு எது நல்ல கோட்டிங் என்று பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்டால் நான் சொல்வது இதுதான். தண்ணீர் எப்போது வரும், அதை யார் குடிப்பார்கள் என்று முதலில் விசாரியுங்கள்; டின்னைப் பிறகு திறக்கலாம்.

காதர் இப்போது கத்தாரில் கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிறான். பிரஷ் பிடிக்க வேறு ஆள் வந்துவிட்டார். வாய்ப்பேச்சுக்குத்தான் ஆள் இல்லை. பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்மாயைப் பார்ப்பேன். அந்த எழுத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கண்மாய் வற்ற வேண்டும். வற்றட்டும் என்று நினைக்கவும் முடியவில்லை.

போனில் அவன் முதலில் கேட்பது அதைத்தான். "மாப்ளே, நம்ம எழுத்து இருக்கா?"

"தெரியலடா. தண்ணி நெறஞ்சி கெடக்கு."

"அப்ப இருக்கு" என்பான்.