பாலோவுக்குப் போய்ச் சேராத செய்தி

சென்ற வாரம் எங்கள் ஊரான ரெங்கத்தில் ஒரு மரணம். நண்பர் மாரிமுத்துவின் மனைவி லெட்சுமி காலமானார். மரண சகாயச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில், காலை ஏழு மணிக்கே உறவினர் அனைவருக்கும் குறுஞ்செய்தி அனுப்பினேன் — 'மாலை மூன்று மணிக்கு எடுக்கிறோம்' என்று.

கிடைத்தவர்கள் 'வருகிறேன்' என்று பதில் எழுத வேண்டும். இது நான் வகுத்த விதி. ஒரு தாளில் குறித்துக்கொண்டே வருவேன்.

நண்பகலில் தாளைப் பார்த்தேன். ஒரே ஒருவரிடமிருந்து பதில் இல்லை. யார்? பாலோ ஊரில் இருக்கும் சின்னையா... லெட்சுமியின் உடன்பிறந்த தம்பி! பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அவரல்லவா போர்த்த வேண்டும்?

"அவன் வரமாட்டான் செயலாளரே," என்றார் மாரிமுத்து. "எங்க மக கல்யாணத்துல சண்ட. ரெண்டு வருஷமா பேச்சில்ல. அக்கா செத்தும் கோவம் போகல பாருங்க."

"போன் அடிச்சீங்களா?"

"அடிச்சாச்சு. லைனே போகல."

"கடையில ஒரு சேல வாங்கிக்கலாம்லா," என்றார் மாரிமுத்துவின் அண்ணன். "அவனும் அவன் பட்டன் போனும்!"

லைன் போகாததில் வியப்பில்லை. சின்னையா வேலை செய்யும் செம்பனைத் தோட்டத்தின் உட்பகுதியில் பேச முடியாது. குறுஞ்செய்தி மட்டும் எப்படியாவது நுழைந்துவிடும். என் செய்தி ஏன் நுழையவில்லை?

கைப்பேசியை எடுத்தேன். மற்றவர்களுக்கு அனுப்பியதில் இரண்டு குறிகள். சின்னையாவுக்கு ஒன்றே ஒன்று. புறப்பட்டிருக்கிறது... போய்ச் சேரவில்லை!

சிங்கப்பூரில் பணிபுரியும் என் மகள் வாங்கித் தந்த கைப்பேசி இது. செய்தியை இணையத்தின் வழியே அனுப்பும் புதுமுறை கொண்டது. சின்னையாவிடமும் முன்பு அத்தகைய போன் இருந்தது. அது மழையில் நனைந்து கெட்டபின், சிம்மை எடுத்துப் பட்டன் போனில் போட்டுக்கொண்டார். அவருடைய எண் மட்டும் புதுமுறையின் பதிவிலிருந்து நீங்கவில்லை. ஆகவே என் செய்தி, இல்லாத போனைத் தேடிக் காத்துக் கிடந்தது!

நான் ஆறாம் வகுப்போடு தோட்டப் பள்ளியை விட்டவன். ஆயினும் கைப்பேசியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வரி வரியாகப் படித்தேன். புதுமுறையை அணைத்தேன். பழைய முறையில் மீண்டும் அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் பதில்.

'அக்காவா? யாருமே சொல்லலியே. வரேன். எடுத்துடாதீங்க.'

மாரிமுத்து அதை வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார். "அலமாக்... ஐயோ, என்னென்னமோ பேசிட்டேனே," என்றவர், தாமே எழுந்து வாசலுக்குச் சென்று, "மச்சான் வராம எடுக்கக் கூடாது," என்று எல்லாரும் கேட்கச் சொன்னார்.

மூன்றேகாலுக்குச் சின்னையா வந்தார். தோட்டத்துச் சேறு படிந்த பூட்ஸ். கையில் புதுச் சேலை. அதைப் பிரித்து விரிக்கத் தொடங்கினார். மாரிமுத்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

இருபது ஆண்டுகளாக இப்பொறுப்பில் இருக்கிறேன். மாலை மரியாதைகள் பெற்றதுண்டு. அந்தப் பிற்பகல் தந்த பெருமிதத்தை அவை எதுவும் தந்ததில்லை.

அன்றிலிருந்து நான் 'அனுப்பிவிட்டேன்' என்று சொல்வதில்லை — 'கிடைத்துவிட்டது' என்றுதான் சொல்கிறேன்.