ஒன்பது அசையும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும்

டாக்டர் சீட்டில் இருந்த சொல்: எலக்ட்ரோஎன்செஃபலோகிராஃபிக்.

சென்ற வாரம் எங்கள் மலையூர் கவுஞ்சியில், பூண்டுக் காட்டில் வலிப்பு வந்து விழுந்தார் என் வீட்டுக்காரர். அதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்த பரிசோதனை. இன்று மலை இறங்கும் பஸ்ஸில், அதை வாசிக்கவும் தெரியாமல் பயந்துகொண்டே வந்தோம்.

முன் இருக்கையில் இருந்த சயின்ஸ் டீச்சர் சீட்டை வாங்கிப் பார்த்து, வளைவுக்கு ஓர் அசையாகச் சொல்லிக் கொடுத்தார். ஒன்பது வளைவில் சொல் முடிந்தது. 'கிராஃப்'பில் அழுத்த வேண்டுமாம்.

"எல்லாம் கிரேக்கங்க. 'என்' உள்ள, 'செஃபல்' தலை, 'கிராஃப்' எழுதுறது."

"முன்னாடி வர்ற எலக்ட்ரோ?" என்றேன்.

"அம்பர்னு ஒரு பிசினுக்கு அவங்க வச்ச பேருங்க. தேச்சா தூசிய இழுக்கும். அதுலேர்ந்துதான் கரண்டுக்குப் பேரு வந்துச்சு."

என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. எங்களுக்குத் தெரிந்த கரண்டு, காட்டுமாடு வராமல் இருக்கத் தோட்டத்தைச் சுற்றிப் போட்ட வேலிதான். ஒருமுறை இவரையே தூக்கி எறிந்திருக்கிறது.

"அப்ப தலையில வேலி சுத்துவாங்களா டீச்சர்?" என்றார் இவர்.

"வயர் ஒட்டுவாங்க. கரண்டு வைக்க மாட்டாங்க. உங்க தலைக்குள்ள ஓடுறதத்தான் எழுதிப் பாப்பாங்க."

"என் தலைக்குள்ளயே ஓடுதா?"

தலையில் வைத்திருந்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். ரப்பர் செருப்பு இல்லாமல் வேலிப் பக்கமே போகாத மனிதர், வெறுங்காலோடு உள்ளே போனார்.

செருப்பு என் மடியில் இருக்கிறது. உள்ளே சத்தமே இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் இந்த டெஸ்ட் எடுத்தவர்கள் யாராவது இருந்தால் வெரசா சொல்லுங்கள். செருப்பு இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாதுதானே?