திரி ஓட்டை வைத்த நட்சத்திரங்கள்

வார்டு சன்னல் கம்பியில் அந்த முதல் காகித நட்சத்திரத்தைக் கட்டித் தொங்கவிட்டபோது, சின்னப் பிள்ளை மாதிரி நான் கைதட்டினேன். பட்டாசு லேபிள் தாளில் வார்டில் இருந்த ஓர் அக்கா மடித்தது அது. அச்சில் நிறம் விலகி, கிளிக்கு இரண்டு மூக்கு விழுந்திருந்தது. அப்படி வீணாகும் தாள்களை அந்த அக்காவின் வீட்டுக்காரர் தான் வேலை பார்த்த சிவகாசி அச்சகத்திலிருந்து கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார்.

அக்காவுக்கு எம். புதுப்பட்டிப் பக்கம். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் அறையில் பற்றிய தீயில் வலது கை வெந்து, எங்கள் தீக்காய வார்டுக்கு வந்தாள். நான் அங்கே நர்ஸ். வாய் கொஞ்சம் நீளம். புண் ஆறும்போது தோல் இழுத்து விரல்களை வளைத்துவிடும், அப்புறம் நிமிர்த்துவது பெரும்பாடு. வலித்தாலும் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ரப்பர் பந்தைக் கொடுத்தால் ஒருத்தரும் அமுக்குவதில்லை. அதனால் கிறிஸ்துமஸைச் சாக்கு வைத்து, வார்டுக்கு நட்சத்திரம் வேண்டும் என்று தாளை அவளிடம் நீட்டினேன். "எம் மவளுக்குச் சடை பின்னுற அளவுக்கு வந்தாப் போதும் சிஸ்டர்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மடிப்பாள். கண்ணீர் தாளில் சொட்டும். "அழுதுக்கிட்டே மடிங்க, யாரு வேண்டாங்குறா" என்று அதட்டுவேன்.

முதல் நட்சத்திரத்தை முடித்த கையோடு அதன் நடுவில் குச்சியால் ஒரு துளை போட்டாள். எதற்கு என்று கேட்டேன். அவளே திருதிருவென்று விழித்தாள். "ஆத்தீ, திரி வைக்க ஓட்டை போட்டுட்டேன் சிஸ்டர்!" பக்கத்துக் கட்டில்களிலும் பட்டாசு வேலைக்காரர்கள்தான். கட்டுப்போட்ட கைகளோடு எல்லாரும் சிரித்தார்கள். அந்தத் துளையிலேயே நூலைக் கோத்தோம். பிறகு மடித்த ஒவ்வொன்றிலும் துளை விழுந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் கம்பெனி போர்மேன் ஆப்பிள் பையோடு வந்தார். தொங்கிய நட்சத்திரம் ஒன்றை எட்டிப் பிடித்துத் திருப்பினார். துளையைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "கை மறக்கலையேத்தா! பொங்கல் கழிச்சு அதே ரூமுக்கு வந்துரு. ஒன் இடம் காலியாத்தான் கெடக்கு." வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். நல்ல மனுஷன் என்றுதான் நானும் நினைத்தேன்.

மறுநாள் தாள் தொடாமல் கிடந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. நான் கத்தினேன். வீட்டுக்காரர் டீ வாங்கப் போனதும் மெல்லச் சொன்னாள்: "வெரல் சரியாயிட்டா நான் அங்கன போகணும் சிஸ்டர். மாட்டேன்னு சொன்னா எங்க வீட்டுல யாரு கேப்பாக? வெரல் மடங்கிக் கெடந்தா என்னைய ஒருத்தரும் கூப்பிட மாட்டாகல்ல?"

"அப்ப சடை?"

"அவளே பின்னிக்கிடுவா. நான் உசுரோட இருந்தாப் போதும்ல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. வேறு வேலை பார்க்கலாம், விரலைக் கெடுத்துக்கொள்ளாதீங்க என்று மன்றாடினேன். வீட்டுக்காரரிடமும் பேசினேன், "வேற என்ன வேலை இருக்கு சிஸ்டர் எங்க ஊர்ல?" என்றார். கொக்கிபோல வளைந்த விரல்களோடு அவள் வீட்டுக்குப் போனாள். இன்றும் அதே வார்டில்தான் இருக்கிறேன். தாள் மடிக்கச் சொல்வதை விடவில்லை. ஆனால் முன்போல் அதட்ட வாய் வருவதில்லை.

அடுத்த சீசனில் அதே அறை வெடித்தது. வேனிலிருந்து இறக்கிய ஒவ்வொரு முகமாகத் தேடினேன். அக்கா இல்லை. கர்த்தாவே, நன்றி என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள், அவள் இடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த பெண்ணுக்கு ஊசி போட வேண்டியிருந்தது.

அந்தப் பெண் அக்காவின் தெருக்காரி. இரண்டு நாள் கழித்து அக்கா கஞ்சித் தூக்கோடு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். மூடியைத் திறக்கப் பார்த்தாள், விரல் பிடிகொடுக்கவில்லை. நான் திறந்து கொடுத்தேன். வலது கையில் ஸ்பூனும் நிற்கவில்லை. அதை இடது கைக்கு மாற்றியவள், சாகக் கிடக்கிறவளுக்கு அந்தக் கையால் எப்படி ஊட்டுவது என்று கூசிப்போய் என்னைப் பார்த்தாள்.

"ஊட்டுங்கக்கா" என்றேன்.