காதர் பாயின் கை பட்டு அந்தக் கண்ணாடி உடையவில்லை

இதை எழுத உட்கார்ந்து, பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனது எத்தனையோ தடவை. எட்டாவது வரைதான் படித்தவன். எழுத்துப் பிழை வருமே என்ற கூச்சம் ஒரு பக்கம். "உடு நைனா, இத்த போயி எழுதிகினு" என்று காதர் பாய் சொன்னது இன்னொரு பக்கம். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. போன மாதம் கடைக்கு வந்த ஒருவர், பின்கட்டில் இருந்த பாயைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "வீடியோல கண்ணாடிய ஒடச்ச பாய் நீங்கதானே?" என்று கேட்டார். பாயும் சிரித்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. மாங்காட்டு அம்மனை நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் அவள் என்னைக் கேட்கட்டும்.

வண்டி

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் எங்கள் முதலாளி செல்வத்தின் கடை. பஸ், லாரி, வேன் எல்லாவற்றுக்கும் முன் கண்ணாடி மாட்டுவோம். பாய் எனக்கு மூத்தவர். கடையில் கண்ணாடி மாட்டுகிற ஆள் அவர்தான். நான் அவருக்குத் துணைக்கை.

ஒரு நாள் காலை வெளிநாட்டு வண்டி ஒன்று வந்து நின்றது. எங்கள் அப்பா காலத்து வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி, குட்டி ஃபிரிட்ஜ், ஜன்னலுக்குத் திரை. ஒரு குடித்தனத்தையே வேனுக்குள் அடக்கியிருந்தார்கள். அதை வாங்கியவர் அருண். கோயம்புத்தூர்ப் பக்கம் சொந்த ஊர், ஐ.டி. வேலை, காட்டுப்பாக்கத்தில் ஃபிளாட். அவரும் மனைவி தீபாவும் லீவு கிடைத்தால் அந்த வண்டியில் ஊர் ஊராகப் போய் வீடியோ எடுத்துப் போடுகிறவர்கள்.

முன் கண்ணாடி இரண்டு பாதி, நடுவில் ஒரு பட்டி. டிரைவர் பக்கத்துப் பாதியில் கல் அடித்து, விரிசல் குறுக்கே ஓடியிருந்தது.

"ஏனுங்ண்ணா, இதைய ஒட்டிக்க முடியாதுங்களா? ஒரிஜினல் கண்ணாடி, மாத்த மனசே வரலீங்க" என்றார் அருண்.

பாய் விரிசல் போன வழியெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். "சின்ன புள்ளியா இருந்தா ரெசின் பசை ஏத்தலாம் தம்பி. இது ஓரம் வரிக்கும் பூட்ச்சி. ஒட்டிகினு போனேன்னா நடுரோட்டுல திரும்ப ஓடும். பக்கத்துல பொண்டாட்டிய ஒக்கார வெச்சிகினு போறே. மாத்திக்கோ."

இந்த வண்டிக்கு ரெடிமேட் கண்ணாடி எங்கேயும் கிடைக்காது. ஹார்ட்போர்டில் அளவு வெட்டி, அதன்படி லேமினேட்டட் கண்ணாடி வெட்டினோம். லேமினேட்டட் என்றால் இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு ஃபிலிம். விரிசல் விட்டாலும் முகத்தில் கொட்டாது. சாதா கண்ணாடியை வெட்டி மாட்டி அனுப்புகிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள். எங்கள் கடையில் அது நடக்காது.

கயிறும் கையும்

இந்தக் காலத்துக் காருக்குக் கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். அந்தக் காலத்து வண்டிக்கு ரப்பர் பீடிங், கண்ணாடியைச் சுற்றிவரும் ரப்பர் பட்டை. பழைய ரப்பர் காய்ந்து கட்டையாகியிருந்தது. அதே மாதிரி புதுசு கிடைக்காது என்பதால், பாய் அதை வெந்நீரில் ஊறப்போட்டு, சோப்புத் தண்ணீரில் உருவி உருவிப் பதப்படுத்தினார். பிறகு கண்ணாடியைச் சுற்றி ரப்பரைப் போட்டு, ரப்பரின் பள்ளத்தில் நைலான் கயிற்றை ஓடவிட்டார். வண்டிக்குள் உட்கார்ந்து நான் கயிற்றை இழுக்க வேண்டும். வெளியே நின்று பாய் உள்ளங்கையால் தட்ட வேண்டும். கயிறு வர வர ரப்பரின் உதடு வண்டித் தகரத்தின் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து உட்காரும்.

அந்தத் தட்டலைப் பார்க்காதவர்களுக்கு, பாய் கண்ணாடியை அடிப்பது போலத்தான் இருக்கும். எங்கே கயிறு இறுகுகிறதோ அங்கே கை போகும். "இழு நைனா… நில்லு… இப்ப இழு." அருண் இதையெல்லாம் கேமராவில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கொஞ்சம் சத்தமா தட்டுங்க, நல்லா இருக்குதுங்க."

"மத்தளமா தம்பி இது?" என்றார் பாய். எல்லாரும் சிரித்தோம். கண்ணாடி ஒரு கீறல் இல்லாமல் உட்கார்ந்தது.

கற்பூரம்

வேலை முடிந்தால் எங்கள் கடையில் ஒரு வழக்கம். வண்டிக்கு முன்னால் தரையில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வைத்து நான் ஏற்றுவேன். அந்த நேரம் பாய் ஓரமாக நின்று, கையேந்தி அவருடைய துஆவைச் சொல்லிக்கொள்வார். எந்த வண்டியானாலும் அப்படித்தான்.

அன்று நான் கற்பூரத் தட்டை எடுத்து வந்தபோது அருண் தடுத்தார். "கீழ வெச்சா ஃப்ரேம்ல வராதுங்ண்ணா. டேஷ்போர்டு மேல வைங்க. கண்ணாடி வழியா ஜோதி தெரியோணும்."

"தம்பி, இது சாமிக்குக் காட்டுறது. கேமராவுக்கு இல்ல."

"சாமியும் பாக்கட்டும், சப்ஸ்கிரைபரும் பாக்கட்டுமுங்க" என்று சொல்லித் தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

நான் முதலாளியைப் பார்த்தேன். "கஸ்டமர் ஆசப்படுறாரு, உடுய்யா" என்றார் செல்வம்.

பித்தளைத் தட்டைக் கண்ணாடியை ஒட்டி வைத்து, கற்பூரத்தைக் குவித்து ஏற்றினார். முதல் தடவை தீபா சிரித்துவிட்டார் என்று மறுபடியும் ஏற்றினார்கள். அப்புறம் லாரி ஒன்று ஹாரன் அடித்துவிட்டது என்று இன்னொரு தடவை. அம்மனுக்குக் காட்டுகிற தீபத்தை "ஒன்ஸ் மோர்" என்று சொல்லி ஏற்றியதை அன்றுதான் என் வாழ்க்கையில் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. உச்சி வெயில் வேறு. கண்ணாடியின் உள்பக்கம் கரி படிந்துவிட்டது.

வெளிப்பக்கம் சோப்புக் கறை இருந்தது. "பளிச்சுன்னு இருக்கோணும்" என்று அருண் வண்டிக்குள்ளிருந்த ஃபிரிட்ஜைத் திறந்து, ஜில்லென்று ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து வந்தார். கேமரா தீபா கையில். பாய் தரையில் குந்தி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்ததும் கத்தினார்.

"ஊத்தாத தம்பி! கொதிச்சிகினு கீது!"

கத்தியவர் ஓடி வந்து, தண்ணீர் கண்ணாடியில் விழாமல் தடுக்க உள்ளங்கையை விரித்து வைத்தார். அதற்குள் தண்ணீர் அவர் கையைத் தாண்டி வழிந்துவிட்டது. 'டிக்' என்று ஒரு சத்தம். தட்டு இருந்த இடத்துக்கு நேர் மேலே, கீழ் ஓரத்திலிருந்து விரிசல் நிமிர்ந்து ஏறியது.

இதுதான் நடந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தது. மறுநாள் இன்னொரு கண்ணாடி வெட்டி, அதே ரப்பரில் அதே பாய்தான் மாட்டினார். அன்றைக்கு அவர்கள் கேமராவை வெளியே எடுக்கவே இல்லை.

வீடியோ

பிறகு வீடியோ வந்தது. லோக்கல் மெக்கானிக்கை நம்பி மோசம் போன கதை என்று தலைப்பு. அதில் பாய் பட் பட்டென்று கண்ணாடியைத் தட்டுகிறார். அடுத்த நொடி அவர் கை விரிந்து கண்ணாடி மேல் விழுகிறது. 'டிக்'. விரிசல். அருண் தலையில் கை வைத்துக்கொள்கிறார். பின்னால் சிரிப்புச் சத்தம். கற்பூரமும் இல்லை, ஜில் தண்ணீரும் இல்லை. "ஊத்தாத தம்பி" என்று பாய் கத்தியதும் இல்லை. வீடியோவுக்குக் கீழே அவருடைய தொப்பியையும் தாடியையும் வைத்து முன்பின் தெரியாதவர்கள் எழுதியதை நான் இங்கே எழுத மாட்டேன். என் கை அழுகிப்போகும்.

பாயைத் தவிர வேறு ஆளைத் தன் வண்டியைத் தொடவிடாத பஸ் முதலாளி ஒருவர் செல்வத்துக்குப் போன் போட்டார். "நம்ம வண்டிக்கு இனிமே பாய அனுப்பாதப்பா. டிரைவருங்க சிரிக்கிறானுங்க." செல்வம் பாயைப் பின்கட்டுக்கு அனுப்பி, கண்ணாடி வெட்டும் வேலையைக் கொடுத்தார். அந்தக் கை இனிமேல் வாடிக்கைக்காரர் கண்ணில் படக்கூடாதாம்! "வெட்டறதும் வேலதானே நைனா" என்று பாய் போய்விட்டார். அவருக்கு வராத கோபமெல்லாம் எனக்கு வந்தது.

காட்டுப்பாக்கத்துக்கே போனேன். கதவைத் திறந்த தீபா என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அருண் உட்காரச் சொன்னார்.

"அண்ணா, அது சும்மா காமெடிக்குப் போட்டதுங்க. யாரையும் நோகடிக்கோணும்னு இல்ல."

"காமெடியா? ஒரு மனுஷன் கையக் குடுத்துத் தடுத்தாரு. அந்தக் கையத்தான் ஒடச்ச கைன்னு ஊருக்கெல்லாம் காட்டிட்டீங்க. கற்பூரம் வெச்சது யாரு, தண்ணி ஊத்துனது யாரு?"

"கற்பூரம் வெச்சது நாமதானே அருண்?" என்றார் தீபா, மெதுவாக.

"அதையெல்லாம் போட்டா யாரு பாப்பாங்க? வேணும்னா நெட்டுல இருந்து வீடியோவ எடுத்தர்றேனுங்க."

"எடுக்காதீங்க. பாத்தவங்க பாத்துட்டாங்க, அனுப்பினவங்க அனுப்பிட்டாங்க. வெட்டினதயும் சேத்து முழுசாப் போடுங்க."

அருண் மேஜை மேலிருந்த கேமராவை எடுத்து மூடியைப் போட்டார். பிறகு, "கார்டுல எடம் பத்தலைன்னு அழிச்சுட்டேனுங்ண்ணா" என்றார்.

நான் அங்கே தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். ஒரு மனிதரின் பேரைக் காப்பாற்றுகிற நாலு நொடியை இடமில்லை என்று அழித்திருக்கிறார்கள். அப்புறம் அவர்கள் வீடியோவை நீக்கிவிட்டார்கள். ஆனால் அது இன்றைக்கும் யார் யார் போனிலோ சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

தொழிலில் இருப்பவர்களுக்கு

கண்ணாடி மாட்டும் தம்பிகளே, மாட்டிய கண்ணாடிக்குப் பக்கத்தில் நெருப்பு வைக்க விடாதீர்கள். சாமி காரியமானாலும் தரையில், வண்டிக்கு முன்னால் வையுங்கள். வெயிலில் நின்ற கண்ணாடியில் ஜில் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். கஸ்டமர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, முதலாளி முறைத்தாலும் பரவாயில்லை, வாய் திறந்து சொல்லுங்கள். கேமரா ஓடினால் இன்னும் உரக்கச் சொல்லுங்கள். இதுதான் நான் கற்றுக்கொண்டது.

எழுதப் போகிறேன் என்று போன வாரம் பாயிடம் சொன்னேன். இந்தத் தடவை அவர் "உடு" என்று சொல்லவில்லை. கண்ணாடித் தூளைக் கையிலிருந்து தட்டிக்கொண்டே, "எய்துறதா இருந்தா அந்தப் பொண்ணு சொன்னதயும் எய்து" என்றார். எழுதிவிட்டேன்.

படித்தவர்கள் இதை நாலு பேருக்கு அனுப்புங்கள். அந்த வீடியோவை அனுப்பியவர்களுக்குக் கட்டாயம் அனுப்புங்கள். நீளமாக இருக்கிறதே என்று ஒரு வரியைக்கூட வெட்ட வேண்டாம். என் பிழைகளைத் திருத்த வேண்டாம், உங்கள் கோபத்தையும் சேர்க்க வேண்டாம். தீபா சொன்ன வார்த்தையை எடுத்துவிட்டு அனுப்புவதாக இருந்தால், அனுப்பவே வேண்டாம். வெட்டியதால்தான் எங்கள் பாய் பின்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்.