காற்றடிப்பவர் மூச்சு விட்ட கதை

பஞ்சர் கடைக்காரருக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருள்கள்தான்: காற்று உள்ளவை, காற்று இறங்கியவை. கண்ணில் படுகிற எதையும் கட்டைவிரலால் ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பார். ரொட்டி, தலையணை, ஒருமுறை சம்பந்தியின் தோள்கூட. பழக்க தோஷம், மற்றபடி மனுஷன் தங்கம்.

அவரிடம் ஒரே குறை குறட்டை. ஜன்னல் கண்ணாடி நடுங்குகிற குறட்டை. கல்யாணமான நாள் முதல் பொறுத்துவந்த மனைவி, போன மாதம் தலையணையைச் சுருட்டிக்கொண்டு தையல் மெஷின் இருக்கிற அறைக்குக் குடிபோய்விட்டார்.

"சண்டையெல்லாம் இல்லைங்க. தூக்கம் வேணும், அவ்வளவுதான்."

சண்டை என்றாலாவது சமாதானம் பேசலாம். இதற்கு என்ன செய்வது? காலியாகக் கிடக்கிற பாதிக் கட்டிலை ராத்திரியில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். எப்படியாவது அவளைத் திரும்ப வரவழைக்க வேண்டும்.

மூச்சுப் பயிற்சி செய்தால் குறட்டை ஓடிவிடும் என்று ஒரு வாடிக்கையாளர் கொளுத்திப் போட்டார். மறுநாளே இவர் பக்கத்துத் தெரு மாடியில் நடக்கும் யோகா வகுப்பில் போய் உட்கார்ந்தார். டீச்சர் கபாலபாதி என்று வேகமாக மூச்சு விட்டுக் காட்டினார். இவர் ஒருநாள் பார்த்ததோடு எல்லாம் புரிந்துவிட்டது என்று எழுந்து வந்துவிட்டார். அங்கேதான் வந்தது வினை.

ஆயுள் முழுக்கக் காற்றை உள்ளே ஏற்றியே பழகிய மனுஷன். வெளியே விடுவது அவர் தொழிலில் நஷ்டக் கணக்கு. மதியம் மூக்கு முட்டச் சாப்பிட்ட கையோடு கம்ப்ரெஸரை ஓடவிட்டு, அது தடதடக்கிற வேகத்துக்கு மார்பைப் புடைத்து மூச்சை இழுத்து இழுத்து நிரப்பினார். தலை சுற்றியது, நன்றாக ஏறுகிறது என்று சந்தோஷப்பட்டார். விரல் நுனி மரத்தது. இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று விட்டார். அப்புறம் டயர் அடுக்கின் மேல் சாய்ந்தவர், மேல் டயரின் ஓட்டைக்குள் இடுப்பு சிக்க, கை கால் மேலே நிற்க, பேச்சு மூச்சில்லாமல் மயங்கிப்போனார்.

வீடு கடைக்குப் பின்னாலேயே. விழுந்த சத்தம் கேட்டு மனைவி ஓடிவந்தார். ஸ்கூட்டருக்குக் காற்றடிக்க வந்த டீச்சர் தண்ணீர் தெளித்தார்.

"அண்ணே, உங்களுக்கு பிரஷர் எவ்வளவு?"

"முன்னாடி இருபது, பின்னாடி முப்பது" என்றார், கண்ணைத் திறக்காமலே.

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். "இதுல இழுக்கறதே உங்க வேலை இல்லண்ணே. அடிவயித்தைச் சுருக்கி வெளிய தள்ளணும். உள்ள வர்றது தானா வரும். வெறும் வயித்துல, மெதுவா ஆரம்பிக்கணும். தலை சுத்தினா உடனே நிறுத்திடணும். முதல்ல டாக்டரைப் பாருங்க."

"அடிக்காமலே காத்து வருமா?" இப்படி ஒரு அநியாயத்தை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

டாக்டர் சோதித்துப் பார்த்து, ரத்த அழுத்தம் அதிகம், வேக மூச்சே கூடாது, நிதானமாக மூச்சு விடப் பழகினால் போதும் என்றார். அப்படியே செய்தார். குறட்டை மட்டும் துளியும் குறையவில்லை. ஆனால் மனைவி, அவர் மயங்கி விழுந்த அன்றைக்கே தலையணையோடு திரும்பிவிட்டார். எதற்கு என்று கேட்க அவருக்குப் பயம்; கேட்டு, போய்விட்டால்? நாலைந்து நாள் கழித்து, காலை டீயின்போது மெல்லப் பேச்சை எடுத்தார்.

"குறட்டை இன்னும் போகலியே?"

"போக வேண்டாம்." மனைவி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு டயருக்குள்ள கிடந்தப்ப ஒரு சத்தமும் இல்ல. மூக்குல விரல் வச்சுப் பாத்தேன். மூச்சு வர்றதே எனக்குத் தெரியல."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இனிமே ராத்திரி சத்தம் நின்னா எழுப்பிடுவேன், சொல்லிட்டேன்."