மடத்துக் குளத்திலிருந்து அகழிக்கு

"அக்கா, அந்த லைனை மட்டும் டிலீட் பண்ணிடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

சொன்னவர் எங்கள் மனேஜர் ஹரிஷ். செவன் ஹில்ஸ் என்ற புறநகரில் ஒரு நில அளவை நிறுவனம். நான் அங்கே டிராஃப்டிங், அதாவது நிலப்படம் வரையும் வேலை, செய்துகொண்டிருந்தேன். ஹரிஷுக்குக் கெல்லிவில்லில் மாடி வீடு, முடித்து ஒப்படைக்கும் வேலைக்கு வாயில் எப்போதும் 'டெலிவரபிள்' என்ற சொல். நிலமட்டம் பார்க்கும் லெவல் கருவியில் எந்தப் பக்கம் கண்ணை வைப்பது என்று அவருக்குத் தெரியுமா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம்.

வேலை கடல் கடந்து இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே ஒரு வயல்வெளியில் இடைக்காலத்து வீடொன்று நின்ற மேடு, அதைச் சுற்றிச் சதுரமாக அகழி. கொஞ்சம் தள்ளி, அதே காலத்துத் துறவிமடம் ஒன்றின் இடிபாடு. இரண்டுக்கும் நடுவே வீடுகள் கட்ட ஒரு கம்பனி விரும்பியது. விமானத்திலிருந்து லேசரால் எடுத்த அளவுகளை அனுப்பினார்கள். நாங்கள் நிலப்படம் போடவேண்டும்.

கணினியில் மரங்களையும் புல்லையும் நீக்கியதும் வாய்க்கால்போல நீண்ட ஒரு பள்ளம் தெரிந்தது. மடத்தின் மீன்குளத்தில் தொடங்கி, அகழியின் மூலையில் முடிந்தது. லெவல்களை, அதாவது நிலத்தின் உயரங்களை, போட்டுப் பார்த்தேன். நெடுகிலும் ஒரே சீரான சரிவு. துறவிகளின் குளத்துத் தண்ணீர்தான் அகழியை நிரப்பியிருக்கிறது. அந்த வாய்க்காலை ஒரு கோடாகப் படத்தில் வரைந்தேன். அந்த வீடே மடத்தின் பண்ணையாக இருந்திருக்கலாம். பழைய சின்னங்களைக் காக்கும் சட்டப்படி, இரண்டும் தனித்தனி என்றால் நடுவில் கட்டலாம். தொடர்பு உண்டென்றால் நடுநிலத்தையும் தொடமுடியாது.

"அழிக்க ஏலாது, ஹரிஷ். அது நிலத்தில கிடக்கு" என்றேன்.

"யாரோ சாமியாருங்க வெட்டின சாக்கடை அக்கா. இத்தனை நூறு வருஷம் கழிச்சு யாரு கேக்கப் போறா?"

மறுத்துவிட்டுப் பென்டில் ஹில்லில் இருக்கும் என் வீட்டுக்கு ரயிலேறினேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. வேலை போய்விடும் என்ற பயத்தில் மேலே யாருக்கும் எழுதவில்லை. மறுநாள் பார்த்தால் படம் இங்கிலாந்துக்குப் போய்விட்டிருந்தது. வாய்க்காலைக் காணோம். 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் என் பெயர் மட்டும் பத்திரமாக இருந்தது.

அடுத்த வாரம் வீடியோ கூட்டம். கம்பனிக்காரர்கள், தொல்லியல் அதிகாரி ஒருவர், பக்கத்துக் காணியில் ஆடு வளர்க்கும் ஒரு பெண். அந்தப் பெண் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "வாய்க்கால் எங்கே? மழைக்கு என் ஆடுகள் அதற்குள்தானே விழுகின்றன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஹரிஷ் அசரவில்லை. "டிராஃப்டிங் எரர். வரைந்தவர் வயதான பெண்மணி, பார்வை கொஞ்சம் அப்படித்தான்" என்றார், அவரும் ஆங்கிலத்தில்.

மில்லிமீற்றர் பார்த்தே தேய்ந்த கண் என்னுடையது. மைக்கைத் திறந்தேன். "பிழையில்லை. நான் வரைந்தேன். பிறகு நீக்கியிருக்கிறார்கள். முதல் படம் என்னிடம் இருக்கிறது" என்று சொல்லித் திரையில் போட்டேன். தொல்லியல் அதிகாரி லெவல்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பாதியில் ஹரிஷ் தன் கமராவை அணைத்துவிட்டார்.

அந்த நிலத்தில் வீடு எழவில்லை. ஹரிஷுக்கு ஒன்றும் ஆகவில்லை, அப்படிப்பட்டவர்களுக்கு ஆவதில்லை. ஜெனரல் மனேஜரானார். என்னை ஓய்வுபெறும்வரை கழிவுநீர்க் குழாய் வரைய விட்டார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் முதல் படத்தைத் திகதியோடு பத்திரப்படுத்துங்கள். யாராவது எதையாவது அழிக்கச் சொன்னால், எழுத்தில் தரச் சொல்லி அன்றே கேளுங்கள். நான் கேட்கவில்லை. என் வாயைத் திறக்க, உலகத்தின் மறுகோடியிலிருந்து ஓர் ஆட்டுக்காரி வரவேண்டியிருந்தது.