ஆரணியில் மக்காத துணி

மாசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை ஆரணிக்குப் போய்வந்தேன். பட்டுச்சேலை ஆரணி இல்லை. பொன்னேரிப் பக்கத்து ஆரணி. இரண்டு மாதத்துக்கு முன் அங்கே புதைத்த துணியைத் தோண்டி எடுக்கத்தான் பயணம்.

காரணம் தேவகி. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. இப்போது ஆரணியில் ஒரு ஏக்கர் வேர்க்கடலை போடுகிறாள். கணவர் ஏழுமலைக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலை வேலை. "இன்னா உரம் போட்டாலும் செடி வெளுத்துக்கினே போவுதுடி" என்று போனில் அழாத குறை. நான் மண் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். கடலைக் கொல்லையில் ஒன்றும், அவள் வீட்டுக் கீரைப் பாத்தியில் ஒன்றுமாகப் பருத்தித் துணி புதைத்துவிட்டு வந்தேன். மண்ணில் நுண்ணுயிர்கள் செழிப்பாக இருந்தால் துணியைத் தின்றுவிடும்.

சென்ட்ரலிலிருந்து பொன்னேரிக்கு மின்சார ரயிலில் பத்து ரூபாய், ஒரு மணி நேரம். தொழிற்பேட்டைக்குப் போகிற கூட்டத்தில் உட்கார இடம் கிடைக்காது. அங்கிருந்து டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை.

முதலில் கீரைப் பாத்தி. துணியின் தையல் ஓரம் மட்டும் நூல் நூலாக வந்தது. கடலைக் கொல்லையிலோ, துவைத்தால் மறுபடி உடுத்தலாம் போல முழுசாக வந்தது. இரண்டு செடியைப் பிடுங்கினோம். காற்றிலிருந்து தழைச்சத்து சேர்த்துத் தரும் வேர்முடிச்சுகள் அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்த ஏழுமலை துணியைப் பார்த்ததும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போன வருசம் கழுத்தழுகல் நோவு வந்து, அடித்தண்டு அழுகி பாதி கொல்லை பூட்ச்சி சிஸ்டர். இந்தத் தபா வெதைக்கும் பூஞ்சைமருந்து கலந்தேன், வேருலயும் மூணு தபா ஊத்தினேன். பயம்."

"பாதி கொல்லையை இழந்தவங்க யாரா இருந்தாலும் அதான் பண்ணுவாங்கண்ணா. நோய்ப் பூஞ்சையோட நல்லதும் கொஞ்சம் சேர்ந்து போயிடும்."

"மண்ணு செத்துட்ச்சாடி?" என்றாள் தேவகி.

"இல்ல. விட்டா மெதுவா திரும்பி வரும்."

ஒரு துணியை வைத்து எல்லாம் மருந்தால்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனாலும், அடுத்த போகம் பாதிக்கு அவர் மருந்து, தேவகி பார்த்துக்கொள்ளும் பாதிக்குத் தொழுவுரத்தில் கலந்த டிரைக்கோடெர்மா என்று முடிவானது. அதுவும் பூஞ்சைதான், நோய்ப் பூஞ்சையை அடக்குவது. அவர் தலையாட்டினாலும் முகம் தெளியவில்லை.

உங்கள் கொல்லையிலும் துணி புதைத்துப் பாருங்கள். ஓரத்தில் குச்சி நடுங்கள், இடம் மறந்துபோகும். மருந்து கலந்த விதையோடு, வேர்முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிரான ரைசோபியத்தை உடனே சேர்க்காதீர்கள். எவ்வளவு இடைவெளி என்று வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள். ஆரணிக்கு மழை விட்ட பிறகு போங்கள். களிமண் செருப்பை விடாது.

ஆடியில் ஏழுமலை கூப்பிட்டார். "தேவகி பக்கம் பத்துப் பதினஞ்சு செடி வாடிட்ச்சி சிஸ்டர். மருந்து டப்பா கையிலதான் கீது."

"ஊத்திட்டீங்களா?"

"இல்ல. காலையிலேந்து வரப்புலயே நிக்கிறேன். மத்தது நல்லாத்தான் கீது."

அந்த மனிதருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். டப்பாவை உள்ளே வைத்துவிட்டுப் போய்த் தூங்கச் சொன்னேன்.